மெத்தை யாருடையது? கூட்டு நிதியில் நடக்கும் நிவாரணப் பணிகளில் பொறுப்பு பிரியும் விதம்

2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கின் சங்கங்களும் ஆலயங்களும் பல அன்றே களத்தில் இறங்கின. முதல் சில நாள்கள் சோற்றுப் பொட்டலமும் படகும்தான் பேச்சாக இருந்தது. தண்ணீர் வடிந்து, சேற்றில் ஊறிய கட்டிலையும் அலமாரியையும் மக்கள் வாசலில் குவித்த பிறகுதான் பெரிய தொகைகள் வரத் தொடங்கின. பெரிய தொகை வந்ததும் அதனோடு ஒப்பந்தங்களும் வந்தன.

நான் கணக்குப் பார்க்கும் ஒரு சிறு சங்கமும் அப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பணம் ஒரு வணிக நிறுவனத்துடையது. அதைப் பெற்ற பெரிய நிவாரண அமைப்பு மெத்தைகளை வாங்கியது. வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுப்பதும் பொருளை ஒப்படைப்பதும் எங்கள் வேலை. ஏற்றி இறக்க ஓர் ஆலயத்தின் இளைஞர் பிரிவு உதவியது. மொத்தம் 240 மெத்தைகள். வீடுகள் இன்னும் கழுவி முடியவில்லை, ஒரு வாரம் கழித்து அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்டும், ஆண்டு முடிவதற்குள் விநியோகத்தைக் காட்டியாக வேண்டும் என்று சொல்லிப் பெரிய அமைப்பு லோரியை அனுப்பிவிட்டது. எங்கள் மண்டபத்தின் பின்பக்கம் அடுக்கிவைத்ததில் கூரை ஒழுகி 18 மெத்தைகள் நனைந்து பூஞ்சை பிடித்தன. அறிக்கைக் காலம் வந்தபோது மூன்று தரப்பும் தனித்தனியே 240 மெத்தைகள் வழங்கியதாக எழுதியிருந்தன; மூன்றையும் சேர்த்துப் படிக்கும் வெளியாள் 720 என்று எண்ணியிருப்பார், ஆனால் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை 222தான். அந்தப் பதினெட்டின் விலையை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரே வரியில் பதில் இருந்தது: பொருள் களத்திற்கு வந்துசேர்ந்த பிறகு ஏற்படும் இழப்பு களப்பணி அமைப்பைச் சாரும். லோரி புறப்படும் நாளைத் தீர்மானித்தவர் வேறு, நஷ்டத்தைக் கட்டியவர் வேறு.

தொகை சிறியதுதான். ஆனால், கோடிக்கணக்கில் பணம் புரளும் அனைத்துலக நிவாரணத் திட்டங்களின் ஆவணங்களைப் படிக்கும்போதும் இதே அமைப்பு வேறு அளவில் தென்படுகிறது. கூட்டு நிதியில் வேலையைப் பிரிப்பது எளிது. முடிவெடுக்கும் அதிகாரமும் இழப்பை ஏற்கும் கடமையும் ஒரே கையில் இருக்கும்படி பிரிப்பதுதான் கடினம். இத்துறையில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துள்ள சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த முடிச்சைச் சுற்றியே வருகின்றன.

'கூட்டு நிதி' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கிவிடுவதால் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் பணத்தைத் தானே செலவழித்து, யார் எந்தப் பகுதிக்குச் செல்வது என்பதை மட்டும் கலந்து பேசிக்கொள்வது ஒரு வகை. இதில் ஒருவர் கணக்குக்கு மற்றவர் பொறுப்பில்லை. தலைமை அமைப்பு ஒன்று நன்கொடையாளரிடம் மொத்தப் பணத்தையும் பெற்று, கீழுள்ள அமைப்புகளுக்குத் தனித்தனி ஒப்பந்தங்களின் வழி பிரித்துக் கொடுப்பது இன்னொரு வகை. இதில் நன்கொடையாளருக்குத் தெரிந்த முகம் தலைமை அமைப்பு மட்டுமே. கீழே ஒரு ரசீது காணாமற்போனாலும் மேலே பதில் சொல்ல வேண்டியது அதுதான் என்பதால், தனக்கு வரும் ஒவ்வொரு நிபந்தனையையும் இன்னும் கொஞ்சம் இறுக்கி அது கீழே அனுப்புகிறது. மூன்றாவது, பலர் பணத்தை ஒரே நிதியத்தில் போட்டு, அதை நிர்வகிக்க ஓர் அறங்காவலரை நியமிப்பது. எங்கள் மெத்தைத் திட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அதை முதல் வகையாகவே எண்ணிக்கொண்டு பேசினார்கள் என்பது பின்னிணைப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அனைத்துலக அளவில் ஒருங்கிணைப்புக்கான அடித்தளம் 1991 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் தீர்மானம். ஐ.நா. அமைப்புகளும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் அரசு சாரா அமைப்புகளின் கூட்டமைப்புகளும் ஒரே மேசையில் அமரும் நிலைக்குழு அதைத் தொடர்ந்து 1992இல் உருவானது. ஆனால், மேசை இருந்ததே தவிர, எந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்பது தெளிவாக இல்லை. சூடானின் டார்ஃபூர் நெருக்கடியில் அந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்த பிறகு, 2005இல் 'கிளஸ்டர்' எனப்படும் துறைக்குழு முறை கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது அது முதன்முதலாகப் பயன்பட்டது. சுகாதாரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம், குடிநீருக்கும் துப்புரவுக்கும் யுனிசெஃப், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம் என ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை குறிக்கப்பட்டது. கல்வியை யுனிசெஃபும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் சேர்ந்து வழிநடத்துகின்றன.

இந்த முறையில் என் கவனத்தை ஈர்ப்பது தலைமைப் பட்டியலைக் காட்டிலும் அதனோடு ஒட்டிய ஒரு கடமைதான். ஒரு தேவையை நிறைவேற்ற வேறு யாருமே முன்வராவிட்டால், கடைசியில் அதைச் செய்து முடிக்க வேண்டியது துறைத் தலைமை அமைப்பு. தலைமை என்பது கூட்டம் நடத்துவதோடு முடிவதில்லை, ஓட்டையை அடைப்பதும் தலைமையின் வேலைதான் என்பதை அது எழுத்தில் வைக்கிறது. பணம் கிடைத்தால், அந்த இடத்துக்குப் போக வழியும் பாதுகாப்பும் இருந்தால் என்ற நிபந்தனைகள் உடன் இருப்பது உண்மை. நிதி பற்றாத நெருக்கடிகளில் அந்த 'இருந்தால்' எவ்வளவு கனமான சொல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும், நாங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த அளவுக்குக்கூட ஒரு வரி இல்லை.

பொறுப்பைப் பிரிப்பதற்கு முன் எது போதுமான உதவி என்பதில் உடன்பாடு வேண்டும். நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க 1997இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டத்தின் அளவுகோல்கள் அதற்கு உதவுகின்றன: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம். ஒரே முகாமில் ஓர் அமைப்பு தண்ணீர் கொடுத்து இன்னோர் அமைப்பு கழிப்பறை கட்டும்போது, யார் தன் பங்கைச் செய்யவில்லை என்று விரல் நீட்டுவதற்கு முதலில் இந்த எண்கள் இருக்க வேண்டும்.

கோலாலம்பூர்வாசிகள் பலருக்குத் தெரியாத ஒன்று, பொறுப்புப் பங்கீட்டின் ஒழுங்கான மாதிரி ஒன்று சுபாங் விமானத்தளத்தின் பக்கத்திலேயே இயங்குகிறது என்பது. உலக உணவுத் திட்டம் நிர்வகிக்கும் ஐ.நா. மனிதநேய உதவிக் கிடங்கு அங்கே உள்ளது; பிரிண்டிசி, துபாய், அக்ரா, பனாமா ஆகிய இடங்களில் உள்ள கிடங்குகளும் அதே வலையமைப்பைச் சேர்ந்தவை. இடம் மலேசிய அரசின் ஆதரவில் கிடைத்தது. உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் கூடாரம், போர்வை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை கிடங்கை நடத்துபவருக்குச் சொந்தமல்ல. அவற்றை வாங்கி வைத்த அமைப்புகளுக்கே சொந்தம். சேமித்துவைப்பதற்குக் கட்டணம் இல்லை, அனுப்பிவைப்பது போன்ற வேலைகளுக்கு ஆகும் செலவு மட்டும் பெறப்படுகிறது. ஆசியான் அமைப்பும் 2012இல் தொடங்கிய தன் அவசரகாலக் கையிருப்பை, ஜப்பானின் நிதியுதவியோடு, சுபாங்கில்தான் வைத்தது. சொந்தம் யாருக்கு, காவல் யாருக்கு, வண்டிச் செலவு யாருக்கு என்ற மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதால்தான் இத்தனை கொடிகள் ஒரே கூரையின்கீழ் சண்டையின்றி இருக்க முடிகிறது. எங்கள் மண்டபத்தில் அந்த மூன்றும் ஒரே அடுக்காகக் கிடந்தன.

பெரும்பணம் ஒன்றுசேரும்போது என்ன ஆகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய அனுபவம் இன்னமும் பாடநூல்போல் இருக்கிறது. பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து ஃபிரிங்கி, பாலிக் பூலாவ் கடற்கரைகளில் மீட்புப் பணி சில வாரங்களில் ஓய்ந்துவிட்டது. ஆனால் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இலங்கையிலும் அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. உலகெங்குமிருந்து அளிக்கப்பட்டதும் உறுதியளிக்கப்பட்டதுமான அனைத்துலக உதவி ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டாலர். நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து நடத்தி 2006இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு, வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர் அமைப்புகளைத் தாண்டிச் சென்றதையும் அவற்றின் ஆட்களையே இழுத்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதியது. பணம் அதிகமாக இருந்ததால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தேவையே பலருக்கு இல்லாமல் போனது.

ஆச்சேயில் அமைந்த கூட்டு நிதியம் இதற்கு ஒரு மறுப்பாக நின்றது. 15 நன்கொடையாளர்கள் சேர்ந்து ஏறத்தாழ 65.5 கோடி டாலரை ஒரே நிதியத்தில் இட்டனர். உலக வங்கி அறங்காவலராக இருந்தது. மறுநிர்மாணத்துக்கென இந்தோனேசியா 2005 ஏப்ரலில் தனியாகவே ஒரு முகமையை அமைத்து, அதற்கு நான்காண்டு ஆயுளையும் குறித்திருந்தது. அந்த முகமை நிதியத்தின் வழிகாட்டுக் குழுவில் உலக வங்கியோடும் ஐரோப்பிய ஆணையத்தோடும் இணைத்தலைமையில் அமர்ந்தது. வேகம் போதவில்லை என்ற குறை தொடக்கக் காலத்தில் எழுந்தது. ஆனால், ஒரு பாலத்துக்கு யார் ஒப்புதல் கொடுத்தார், யார் கட்டினார், யார் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

இலங்கையில் நடந்தது நேர்மாறானது. வடக்கு கிழக்கின் ஆறு மாவட்டக் கரையோரங்களில் நிவாரணத்தைக் கூட்டாக நடத்த அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். உயர்மட்டக் குழு, வட்டாரக் குழு, மாவட்டக் குழுக்கள் என மூன்றடுக்கு. பத்துப் பேர் கொண்ட வட்டாரக் குழுவில் புலிகளின் ஐவர், முஸ்லிம் தரப்பின் மூவர், அரசின் இருவர். வட்டார நிதியத்துக்கு வெளியிலிருந்து ஒரு பாதுகாவலர். ஒரு பொறியாளர் வரைந்த படம்போல் எல்லாம் கச்சிதமாக இருந்தது. முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் கையெழுத்திடும் தரப்பாக இல்லை என்ற மனக்குறை ஒருபக்கம். ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறிய ஜே.வி.பி. கட்சி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இன்னொரு பக்கம். ஜூலை நடுவில் வட்டார நிதியம், கிளிநொச்சியில் வட்டாரக் குழுவின் அலுவலகம் உள்ளிட்ட முக்கியப் பகுதிகளுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலேயே முடிந்தது. அதன் அரசியல் சரி தவறுகளை இங்கே எடுத்துப் பேசப் போவதில்லை. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அன்று பணமும் துணியும் அனுப்பிய நம்மவர்கள் பலருக்கு அது இன்றும் ஆறாத விஷயம். நிதியத்தின் கோணத்திலிருந்து மட்டும் பார்த்தால், பணத்தைக் கையாளும் உரிமை சட்டத்தின் எந்தக் கதவு வழியாக அந்தக் குழுவுக்கு வருகிறது என்ற கேள்விக்கு விடை உறுதியாகும் முன்பே அடுக்குகள் கட்டப்பட்டுவிட்டன.

மலேசியாவில் அந்தக் கதவுகள் வேறு விதமானவை. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சங்கம் தன் விதிமுறைகளுக்குள்தான் செலவழிக்க முடியும்; தெருவிலும் வீடு வீடாகவும் பணம் திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டின் சட்டம் தனியே உள்ளது. இவற்றைவிட நடைமுறையில் கனமானது வருமான வரிச் சட்டத்தின் 44(6) உட்பிரிவு. அந்த அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது இருந்தால்தான் நன்கொடை கொடுத்த நிறுவனம் வரிக்கழிவு கோர முடியும். எனவே, இடத்தை அறிந்தது எந்தச் சங்கம், மக்களோடு மொழி ஒத்துப்போவது எந்தச் சங்கம் என்பதையெல்லாம் பார்க்கும் முன்பே, வரிவிலக்கு ரசீதுப் புத்தகம் யார் மேசையில் இருக்கிறது என்பதை வைத்துத் தலைமை அமைப்பு முடிவாகிவிடுகிறது. இதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. வணிக நிறுவனத்தின் கணக்காளர் தன் வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். ஆனால், ரசீது எழுதும் தகுதி களத்தில் முடிவெடுக்கும் தகுதியாக மாறிப்போவது எங்களுக்கு நஷ்டமாக முடிந்தது.

அரசின் பக்கத்தில் ஏணி தெளிவாகவே இருக்கிறது. அந்த வெள்ளத்தின்போது நடப்பிலிருந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு பேரிடர் நிர்வாகத்தைக் கூட்டரசு, மாநிலம், மாவட்டம் என மூன்று நிலைகளாகப் பிரித்து, மாவட்டக் குழுவை மாவட்ட அதிகாரியின் தலைமையில் வைத்தது. 2015இல் அமைந்த தேசியப் பேரிடர் நிர்வாக முகமையான நட்மா கூட்டரசு நிலையில் ஒருங்கிணைக்கிறது. தற்காலிக நிவாரண மையங்களைச் சமூகநல இலாகா கவனிக்கிறது. இந்த ஏணியில் சங்கங்களுக்கு நிலையான படி ஏதும் இல்லை. மையத்தின் வாசலுக்குப் போனால் வரவேற்பார்கள். ஆனால் எந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே என்ன கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் வெளியே வராது. அதனால் ஸ்ரீ மூடாவில் ஒரு தெருவில் மூன்று முறை அரிசி இறங்கியது. பின்தெருவில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள், பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால், பார்த்துக்கொண்டு நின்றன.

பட்டியல் என்றதும் இன்னொரு பொறுப்பும் நினைவுக்கு வருகிறது. நாங்கள் எடுத்த பட்டியலில் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளைகளின் வயது எல்லாம் இருந்தன. அது வாட்ஸ்அப் வழியாக மூன்று அமைப்புகளுக்கும் நன்கொடை நிறுவனத்துக்கும் போனது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைக் குறிவைத்தது என்பதால், நிவாரணப் பட்டியலைப் பற்றி அங்கே தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. யாரும் கேட்கவில்லை என்பதற்காக அது சிறிய விஷயமாகிவிடாது, ஐ.நா. அகதிகள் முகமையான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டை மட்டுமே கையிலுள்ள ரோஹிங்யா குடும்பமோ இலங்கைத் தமிழ்க் குடும்பமோ அந்தப் பட்டியலில் இருந்தால் விளைவு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நிர்வாகச் செலவைப் பேசாமல் பொறுப்பைப் பேச முடியாது. ஐ.நா. நிர்வகிக்கும் நாட்டளவிலான கூட்டு நிதியங்களில், திட்டத்தின் நேரடிச் செலவுக்கு மேல் 7 விழுக்காடு வரை மறைமுகச் செலவுக்கென எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. அலுவலக வாடகை, கணக்காய்வு, ஆள் பயிற்சி ஆகியவை அதிலிருந்துதான் வர வேண்டும். தலைமை அமைப்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு, கீழே கொடுக்கும்போது பொருளுக்கான காசை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு ரசீதையும் மூன்று பிரதிகளில் கேட்கும் நிபந்தனையை நிறைவேற்றப் போகிறவர் சம்பளமில்லாத பொருளாளர்தான். 2005 டிசம்பரில் பொதுச்சபை புதுப்பித்து, 2006 மார்ச்சில் செயல்படத் தொடங்கிய மத்திய அவசரகால நிதியமோ அரசு சாரா அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதே இல்லை, அவை ஐ.நா. அமைப்பு ஒன்றின் பங்காளிகளாகத்தான் அதைத் தொட முடியும்.

இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2016 மே மாதம் இஸ்தான்புலில் நடந்த உலக மனிதநேய உச்சநிலை மாநாட்டில், பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் 2020க்குள் நிதியில் குறைந்தது 25 விழுக்காட்டை இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கொண்டுசேர்ப்பதாக ஒப்புக்கொண்டன. அந்த மாநாட்டின் செயலகத்துக்குத் தலைமையேற்றவர் 1999இல் மெர்சி மலேசியா என்ற மருத்துவ நிவாரண அமைப்பைத் தொடங்கிய டாக்டர் ஜெமிலா மாமூட் என்பதை நாம் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால், குறித்த ஆண்டு வந்தபோது இலக்கு வெகுதூரத்தில் இருந்தது. காரணங்களில் ஒன்று எளியது: நன்கொடை நாட்டு அலுவலகத்தில் இருக்கும் இரண்டு மூன்று அதிகாரிகளுக்கு நூறு சிறு ஒப்பந்தங்களைக் கவனிப்பதைவிட ஒரு பெரிய ஒப்பந்தத்தைக் கவனிப்பது சுலபம். அபாயத்தைக் கீழே தள்ளுகிறார்கள் என்று நாம் சொல்வதை அவர்கள் அபாயத்தை நிர்வகிப்பதாகச் சொல்கிறார்கள்.

போன ஆண்டு இறுதியில், பருவமழைக்கு முன், அதே பெரிய அமைப்பு எங்களிடம் மீண்டும் வந்தது. இம்முறை பின்னிணைப்பை முதலில் படித்து, எங்கள் நிபந்தனைகளை முன்வைத்தோம். பொருளை எந்த நாளில் அனுப்புவது என்பதை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே லோரி கிளம்ப வேண்டும். நாள் மாறினால் இடையில் ஏற்படும் சேதம் மாற்றியவரைச் சாரும். வீட்டுக்கு ஒப்படைத்த எண்ணிக்கையை எங்கள் அறிக்கை மட்டும் சொல்லும், மற்றவர்கள் அதையே மேற்கோள் காட்டுவார்கள். பட்டியலில் அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். குறை சொல்ல விரும்புபவர் எங்களிடம் மட்டுமன்றி நேராகத் தலைமை அமைப்பிடமும் சொல்லத் தொலைபேசி எண் தரப்பட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். நிர்வாகச் செலவில் எங்களுக்கும் ஒரு பங்கு என்ற வரியைத்தான் அடுத்த முறை பார்க்கலாம் என்று அடித்துவிட்டார்கள்.

ஒப்படைப்புச் சீட்டையும் மாற்றினோம். முன்பு அதில் அனுப்பியவர், பெற்றவர் என்று இரண்டு கட்டங்கள்தான். இப்போது நடுவில் 'சேமிப்பில் வைத்தவர்' என்றும், ஓரத்தில் 'சேதம், தேதி' என்றும் கட்டங்கள் உள்ளன. அச்சிட்ட ஐம்பது சீட்டுகள் மண்டப அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. கூரையையும் பழுதுபார்த்தாயிற்று; அந்தச் செலவு மட்டும் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை.